குரோவேஷியக் கடலோரம், குடும்பத்தோடு, நாமே கார் ஓட்டி: ஒன்பது இரவில் எவ்வளவு தூரம் போதும்?

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே கடைசியில் சென்னையிலிருந்து கிளம்புகிறீர்கள், கையில் ஒன்பது இரவு. வெனிஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டியே டுப்ரோவ்னிக் வரை போய், முடிந்தால் மாண்டிநீக்ரோவில் இருக்கும் கோட்டோரையும் பார்த்துவிட்டு வர வேண்டும். காரில் ஐந்து பேர்: நீங்கள், கணவர், ஏழு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் முழங்கால் வலியுள்ள, சுத்த சைவமான மாமியார். தினம் ஓர் ஊர், தினம் நாலு மணி நேரம் ஓட்டுவது சரிவருமா, விசா எப்படி, மாமியாருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், அந்த மலைச்சாலையை நினைத்தால் உள்ளுக்குள் உதறலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதிலிருந்துதான் வரும்.

வியன்னாவில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் பல வருடமாக இதே வேலையைத்தான் பார்க்கிறேன். குடும்பமாகக் கார் எடுத்துத் தெற்கே கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு வழி, தங்குமிடம், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்வது. அந்தக் கரையில் நானும் நிறைய ஓட்டியிருக்கிறேன். உங்கள் கணவர் நிச்சயம் ஓட்டிவிடுவார். சென்னைப் போக்குவரத்தில் கியர் வண்டி ஓட்டுகிறவருக்கு அங்கே உள்ள ஒழுங்கு பெரிய நிம்மதி. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் யார் ஓட்டினாலும் அலுத்துப்போகும் திட்டம். வெனிஸையும் கோட்டோரையும் எடுத்துவிடுங்கள். குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் இறங்கி டுப்ரோவ்னிக்கிலிருந்து விமானம் ஏறுங்கள். நெடுந்தூரத்தை நெடுஞ்சாலையில் கடந்துவிட்டு, கடலோரச் சாலையை இரண்டே இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளையும் மெதுவாக ஓட்டுங்கள்.

வெனிஸ் ஏன் வேண்டாம் என்றால், அங்கிருந்து டுப்ரோவ்னிக் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். அதில் முதல் பாதி உங்கள் ஆசைக்குச் சம்பந்தமில்லாத சாலை. நடுவில் ஸ்லோவேனியாவைக் கடக்க வேண்டும், அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்குத் தனியாக மின்னணுக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். இத்தாலியில் எடுத்த காரைக் குரோவேஷியாவில் விட்டால் ஒருவழிக் கட்டணம் என்று வாடகைக்கு மேலேயே கேட்பார்கள், சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டா. காரை எடுப்பதும் திரும்ப விடுவதும் ஒரே நாட்டுக்குள் என்றால் அந்தக் கட்டணம் மிகக் குறைவு. விமானத்துக்கும் வழி இருக்கிறது: சென்னையிலிருந்து தோஹா வழியாக ஸாக்ரெப் போகலாம், திரும்பும்போது டுப்ரோவ்னிக்கிலிருந்து ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரத்தில் மாறி வரலாம். இரண்டு வழியையும் ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். தனித்தனியாக வாங்கினால் ஒரு விமானம் தாமதமாகும்போது அடுத்தது போய்விடும்.

இப்போது சாலைக்கு வருகிறேன். குரோவேஷியாவில் கடலுக்கு இணையாக இரண்டு சாலைகள் ஓடுகின்றன, இணையத்தில் எழுதுகிறவர்கள் பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று ஏ1 நெடுஞ்சாலை. ஸாக்ரெப்பிலிருந்து ஸ்பிளிட் வரை 2005-ல் திறந்தது, இப்போது ப்ளோச்சே அருகே வரை வந்திருக்கிறது. மலைக்கு உட்புறமாகப் போகும் அகலமான டோல் சாலை, மணிக்கு 130 கிலோமீட்டர் வரை அனுமதி, பெரிய வளைவு எதுவும் கிடையாது. இன்னொன்று டி8, யத்ரான்ஸ்கா மாகிஸ்த்ராலா என்று அங்கே அழைக்கப்படும் பழைய கடலோரச் சாலை, யூகோஸ்லாவியக் காலத்தில் போட்டது. படங்களில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது இதைத்தான். ஈ.சி.ஆர். மாதிரி நீளமாக, சமதளமாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே சுண்ணாம்புப் பாறை மலை நேராகக் கடலில் இறங்குகிறது, அதன் இடுப்பில் பக்கத்துக்கு ஒரு தடமாகச் சாலையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வலை போர்த்திய வெள்ளைப் பாறை, மறுபக்கம் இரும்புத் தடுப்பு, அதற்குக் கீழே பைன் மரங்களின் தலை, அதற்கும் கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஊருக்கு வெளியே 90, ஊருக்குள் 50 என்பது சட்டம். ஆனால் வளைவுகளால் சராசரியாக 50-ஐத் தாண்டுவது கஷ்டம். 60 கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டினால் நிறுத்தங்களோடு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாலை நன்றாகப் பராமரிக்கப்பட்டது, வளைவுகளுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பயத்துக்குக் காரணம் பள்ளத்தை விடப் பின்னால் வருகிற வண்டிதான். உள்ளூர்க்காரர்கள் அந்த வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள், உங்கள் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வருவார்கள். புதிதாக ஓட்டுகிறவர் அந்த நெருக்கத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவார், அதுதான் ஆபத்து. வலது பக்கம் ஒதுங்க இடம் அடிக்கடி வரும். சிக்னல் போட்டு ஒதுங்கி, அவர்களை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கும் இதேதான். ஒதுங்கினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், கை தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போவார்கள்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பது எல்லாரும் கோட்டை விடுகிற விஷயம். அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே வந்தால் நீங்கள் கடல் பக்கத் தடத்தில் இருப்பீர்கள். காட்சி பார்க்கும் ஒதுக்கிடங்கள் பெரும்பாலும் கடல் பக்கம்தான், எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் நேராக உள்ளே திரும்பி நிறுத்தலாம், அதே மாதிரி வெளியே வரலாம். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு இது ஒவ்வொரு முறையும் தலைவலி. ஸாக்ரெப்பில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீயரிங் இடது பக்கம் இருப்பதால் முன்சீட்டில் உட்காருகிறவர் வலது பக்கம், அதாவது கடல் பக்கம் வருவார். அந்த இடத்தை மாமியாருக்குக் கொடுங்கள். முழங்காலை நீட்டிக்கொள்ளலாம், வளைவில் குமட்டலும் முன்சீட்டில் குறைவு. அவருக்கு உயரம், பள்ளம் பயம் என்றால் மட்டும் பின்சீட்டில் மலைப்பக்கம் உட்கார வையுங்கள்.

வலது பக்கம் ஓட்டுவதற்குக் கணவர் முதல் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார், ஏனென்றால் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே போகலாம். சறுக்குவது வேறு இடத்தில். காலையில் காலியான சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்தோ வீட்டு வாசலிலிருந்தோ வெளியே வரும்போது, வழிகாட்ட வேறு வண்டி இல்லாத அந்த நொடியில், பழைய பழக்கம் இடது தடத்துக்கு இழுத்துவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவர் ‘வலது’ என்று சத்தமாகச் சொல்வதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும். ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், உள்ளே ஏற்கெனவே சுற்றுகிறவருக்குத்தான் முதல் உரிமை. கோடு போட்ட இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக் காலெடுத்து வைத்தாலே நிறுத்தியாக வேண்டும். இன்னொன்று: வண்டியின் வலது பக்கம் உட்கார்ந்து பழகியவர் அங்கே இடது பக்கம் உட்காருவதால், தன்னையறியாமல் வலது ஓரத்துக்குச் சாய்ந்தே ஓட்டுவார்கள். வலது பக்கக் கண்ணாடியும் சக்கரமும் அடிபடுவது இதனால்தான். இரவு முழுக்க விமானத்தில் வந்துவிட்டு அன்றைக்கே காரைத் தொட வேண்டாம், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஸாக்ரெப்பில் ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் காலை வண்டியை எடுங்கள்.

அன்று ப்ளித்விட்ஸே ஏரிகள் வரை இரண்டு மணி நேர ஓட்டம், பழகுவதற்கு அளவான தூரம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழியும் 16 ஏரிகள், யுனெஸ்கோ பட்டியலில் 1979-லேயே சேர்ந்த இடம். மே மாதத்தில் அருவிகள் நிறைந்து விழும், அந்த மாதத்தில் போவதால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இது. நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்னாலேயே இணையத்தில் வாங்க வேண்டும். சீட்டிலேயே பூங்காவுக்குள் ஓடும் பேருந்தும் கோஸ்யாக் ஏரியைக் கடக்கும் படகும் அடக்கம். மாமியாரை அவற்றில் அழைத்துப் போய்விடலாம், மேல் ஏரிகளுக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. நடைபாதை மரப்பலகையால் ஆனது, பல இடங்களில் கைப்பிடி இல்லை, நனைந்தால் வழுக்கும். சின்னவனைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குளிக்க அனுமதி இல்லை. இரவு அங்கேயே பக்கத்துக் கிராமத்தில் தங்கிவிட்டு, காலை முதல் நேரத்துக்குச் சீட்டு எடுத்தால் கூட்டத்துக்கு முன்னால் பார்த்து முடிக்கலாம்.

மூன்றாம் நாள் ஏ1-ல் தெற்கே இறங்குவீர்கள். வெலெபிட் மலையைத் துளைத்துப் போகும் ஸ்வேதி ரோக் சுரங்கம் ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேல். வடக்கு வாயிலில் மேகமும் தூறலுமாக இருக்கும், தெற்கு வாயிலில் வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும், கீழே கடல் தெரியும். தினமும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிக்கடி நடக்கிறது. பிள்ளைகளை விழித்திருக்கச் செய்யுங்கள். இதற்கு மாற்றாக ஸெனியிலிருந்து கார்லோபாக் வழியாக டி8-லேயே வரும்படி சிலர் சொல்வார்கள். அழகான பாதைதான், ஆனால் அந்தக் கரையிலேயே வளைவு அதிகமான, ஊர் குறைவான பகுதி அது. குளிர்காலத்தில் பூரா என்கிற காற்று மலையிலிருந்து அங்கே விழும்போது சாலையையே மூடுவார்கள். முதல் வாரத்தில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம்.

அடுத்த மூன்று இரவுக்கு ஸ்பிளிட்டை விட த்ரோகிரைச் சொல்வேன். இது என் கருத்து, வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. த்ரோகிர் பாலத்தால் கரையோடு இணைந்த ஒரு சிறிய தீவு நகரம், 1997-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழைய ஊரைச் சுற்றி வர அரை மணி நேரம் போதும், ஏற்றமே இல்லை. மாமியாருக்கு அதுதான் முக்கியம். கார் நிறுத்தும் இடத்தோடு கூடிய அடுக்ககங்கள் பாலத்துக்கு வெளியே கிடைக்கும். ஸ்பிளிட்டின் பழைய பகுதிக்குள் கார் நுழையாது, சுற்றி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. த்ரோகிரிலிருந்து பேருந்தில் போய்விட்டு வரலாம், பருவ காலத்தில் படகும் ஓடும். மே கடைசியில் படகு தொடங்கியிருக்குமா என்பது வருடத்துக்கு வருடம் மாறும், பேருந்தை நம்பித் திட்டம் போடுங்கள்.

ஸ்பிளிட்டில் ஒரு முழு நாள் செலவிடுங்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவியை விட்டு இறங்கி 305-ல் வந்து தங்கிய அரண்மனைதான் இன்றைய பழைய நகரம். அருங்காட்சியகமாக மூடி வைக்காமல் இன்றும் அதற்குள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், ரோமத் தூண்களுக்கு நடுவில் துணி காய்கிறது, மாடி ஜன்னலில் பூந்தொட்டி இருக்கிறது. நடுமுற்றத்துக்குப் போய் படியில் உட்காருங்கள். எதிரே எகிப்திலிருந்து கொண்டுவந்த, சிங்க உடலும் மனிதத் தலையும் உள்ள கருங்கல் ஸ்ஃபிங்ஸ் சிலை, பக்கத்தில் பேரரசரின் கல்லறைக்கென்று கட்டிய எண்கோணக் கட்டடம். கிறிஸ்தவர்களை வதைத்தவர் என்று பெயர் வாங்கிய அவருடைய கல்லறையே பின்னால் பேராலயமாக மாறியது, அவர் காலத்தில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸின் பெயரில். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள், மறக்காது. தரைக்கல் நூற்றாண்டுகளாக மிதிபட்டுப் பளபளவென்று இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். மாமியாருக்கு ரப்பர் அடிச் செருப்பு வேண்டும்.

இன்னொரு நாள் க்ர்கா தேசியப் பூங்கா, போகும் வழியில் ஷிபெனிக். க்ர்காவில் அருவிக்குக் கீழே குளிக்கும் படங்கள் இணையம் முழுக்க இருக்கின்றன, எல்லாம் பழையவை. ஸ்க்ராதின்ஸ்கி புக் அருவியில் 2021-லிருந்து குளிக்கத் தடை. பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ப்ளித்விட்ஸே பார்த்தவர்களுக்கு இது இரண்டாம் முறை அருவிதான், களைப்பாக இருந்தால் விட்டுவிட்டு ஷிபெனிக் பேராலயத்தை மட்டும் பாருங்கள். 1431-ல் தொடங்கி 1535-ல் முடித்த முழுக் கல் கட்டடம், வெளிச்சுவரில் வரிசையாக மனித முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் வேறு வேறு.

ஆறாம் நாள்தான் உங்கள் கடலோரச் சாலை தொடங்குகிறது. த்ரோகிரிலிருந்து ஸ்பிளிட்டைச் சுற்றிக்கொண்டு டி8-ல் ஒமிஷ், அங்கிருந்து ப்ரேலா. எண்பது கிலோமீட்டர்தான், காலை எட்டரைக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருங்கள். ஒமிஷில் செத்தினா ஆறு இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் வந்து கடலில் விழுகிறது, முதல் நிறுத்தம் அங்கே. அதற்கு அப்புறம் சாலை ஏறி ஒரு முனையைச் சுற்றியதும் பியோகோவோ மலை முழுசாகத் தெரியும். அதன் உச்சி 1,762 மீட்டர், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே அவ்வளவு உயரம். அந்த மலைமேல் கண்ணாடித் தளத்துக்குப் போகும் சாலை ஒரே தடம், எதிரே வண்டி வந்தால் பின்னால் ஓட்டி ஒதுங்க வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆசையாக இருந்தால் மகர்ஸ்காவிலிருந்து உள்ளூர் வேனில் போகலாம். ப்ரேலாவில் இரண்டு இரவு சும்மா இருங்கள். கடற்கரையில் மணல் கிடையாது, வெள்ளைக் கூழாங்கல்தான், கல்லிடுக்கில் முள் நிறைந்த கடல் அர்ச்சின்களும் இருக்கும். எல்லாருக்கும் ரப்பர் நீர்க்காலணி வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே எல்லாக் கடையிலும் தொங்கும்.

மே மாதக் கடலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெயில் இருக்கும், காற்று இதமாக இருக்கும், தண்ணீர் குளிரும். மே கடைசியில் 18, 19 டிகிரி அளவில் இருக்கும், மெரினாவில் காலை நனைத்த பிள்ளைகளுக்கு அது ஐஸ். குளிப்பதுதான் முக்கியம் என்றால் ஜூன் நடுவுக்குப் பிறகோ செப்டம்பரிலோ வர வேண்டும், பள்ளி விடுமுறை அதற்கு இடம் கொடுக்காது என்று தெரியும். பதிலுக்கு ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் அந்த விலையும் உங்களுக்கு இல்லை. அந்த மாதங்களில் அடுக்ககங்கள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாறுவதால், சனியன்று ஜெர்மனி, செக், போலந்துக் கார்களால் சாலை நின்றுவிடும். யாராவது கோடையில் இந்தத் திட்டத்தைப் பின்பற்றினால் சனிக்கிழமை மட்டும் இடம் மாறாதீர்கள்.

எட்டாம் நாள் ப்ரேலாவிலிருந்து, டுப்ரோவ்னிக்குக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ட்சாவ்தாத். இதுவே பயணத்தின் நீண்ட கடலோர ஓட்டம், நூற்றெழுபது கிலோமீட்டர் அளவு, ஒரு முழு நாளைக் கொடுங்கள். ப்ளோச்சே தாண்டியதும் பாறைக் கரை திடீரென்று முடிந்து நெரெத்வா ஆற்றின் கழிமுகம் விரியும், கால்வாய்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் பச்சை, ஆரஞ்சுத் தோப்புகள், சாலையோரத்தில் பழமும் தேனும் விற்கும் கடைகள். அதற்குப் பிறகு கவனம். குரோவேஷியாவின் கடற்கரை இங்கே அறுந்து, நெயும் என்ற ஊரில் போஸ்னியா கடலைத் தொடுகிறது. முன்பெல்லாம் டுப்ரோவ்னிக் போக போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். 2022 ஜூலை 26-ல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தது, 2,404 மீட்டர் நீளம், கட்டணம் கிடையாது, நாட்டை விட்டு வெளியேறாமலே போகலாம். குரோவேஷியா 2023 ஜனவரி 1-ல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், வந்துவிட்டது, போஸ்னியா ஷெங்கனில் இல்லை. ஆகவே உங்களுக்கு ஒரே ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய சிங்கிள் என்ட்ரி விசா கொடுத்திருந்து, கைப்பேசி காட்டிய வழியில் நெயும் எல்லையைத் தாண்டினால் விசா அங்கேயே முடிந்துவிடும், பத்து கிலோமீட்டர் கழித்துத் திரும்ப உள்ளே நுழைய முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது விளையாட்டில்லை. கிளம்பும் முன் வழி பாலத்தின் மேல் போகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நெயுமில் நிறுத்தி மலிவாகச் சாமான் வாங்கலாம் என்ற பழைய அறிவுரைகளை மறந்துவிடுங்கள்.

கோட்டோரை வேண்டாம் என்றதும் இதே காரணத்தால்தான். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் மாண்டிநீக்ரோ குறுகிய நாள்களுக்கு உள்ளே விடுகிறது. திரும்ப வர மல்டிபிள் என்ட்ரி வேண்டும். விண்ணப்பத்தில் அதைக் கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் தூதரகத்தின் முடிவு, அதில் என் அனுபவத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அது கிடைத்தாலும் எல்லை தாண்டக் கார் நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், எல்லையில் வரிசை எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது இரவில் அந்த ஒரு நாளை டுப்ரோவ்னிக்குக்குக் கொடுப்பது மேல்.

பாலம் தாண்டியதும் ஸ்தோனில் சாப்பாட்டுக்கு நிறுத்துங்கள். மலைமேல் ஏறி இறங்கும் ஐந்து கிலோமீட்டர் நீளக் கல் மதிலும், இன்றும் உப்பு எடுக்கும் பழைய உப்பளமும் அங்கே இருக்கின்றன. கடைசி இரண்டு இரவுக்கு டுப்ரோவ்னிக்கில் தங்காமல் ட்சாவ்தாத் என்று சொல்வதற்குக் காரணம், விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஊர் சமதளமாகக் கடலை ஒட்டியிருக்கிறது, அங்கிருந்து டுப்ரோவ்னிக் பழைய துறைமுகத்துக்கே படகில் போய் இறங்கலாம். பழைய நகருக்குள் கார் போகாது, வெளியே பார்க்கிங் கட்டணம் கையைச் சுடும். கடலிலிருந்து டுப்ரோவ்னிக் பழைய நகரைச் சுற்றியுள்ள மதில் நெருங்கி வருவதை மாமியார் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மதில்மேல் நடப்பது இரண்டு கிலோமீட்டர் அளவு, படிகள் மிக அதிகம், நிழல் இல்லை. நீங்களும் பிள்ளைகளும் காலையில் வாசல் திறந்ததும் ஏறுங்கள், அவர் கீழே ஸ்திராதுன் வீதியில் நிழலில் இருக்கட்டும். மதில் சீட்டின் விலையிலேயே கிட்டத்தட்ட நகர பாஸும் கிடைக்கும், அதில் பேருந்தும் அருங்காட்சியகங்களும் சேரும், வாங்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார் விஷயம். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் சின்னக் கார் போதாது. பின்சீட்டில் சின்னவனுக்குச் சட்டப்படி தனி இருக்கை போட்ட பிறகு இரண்டு பேர் நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வேகன் அல்லது ஏழு சீட்டு வண்டி கேளுங்கள், பெட்டியை மூன்றாகக் குறையுங்கள். அங்கே கியர் வண்டிதான் சாதாரணம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்ய வேண்டும். வலது கையால் கியர் போடுவது கணவருக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று நினைத்தால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில் டெபாசிட்டை முடக்குவார்கள், டெபிட் கார்டைப் பலர் ஏற்பதில்லை, மனைவியின் கார்டும் செல்லாது. ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, இந்திய உரிமத்தோடு சேர்த்துக் கொண்டு போங்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், கல்லும் உயரமான நடைபாதை ஓரமும் உள்ள ஊர்களில் அடிபடுவது அவைதான். வண்டியை வாங்கும்போதும் விடும்போதும் சக்கரம் நாலையும் சேர்த்துக் காணொளி எடுத்துவையுங்கள். டோல் சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கார்டிலோ பணத்திலோ கட்டுவதுதான் வழக்கம். இதைக் கேமரா வழி வசூலாக மாற்றும் திட்டம் இருப்பதால், வண்டி எடுக்கும் அன்று என்ன முறை என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. தங்குமிடம் எல்லாமே சமையலறையோடு உள்ள அடுக்ககமாக எடுங்கள், சைவப் பிரச்சினையில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும். பெரிய கடைகளில் அரிசி, தயிர், காய்கறி, பருப்பு எல்லாம் கிடைக்கும். 2023-லிருந்து அந்த நாட்டில் கடைகள் வருடத்தில் சில ஞாயிறுகள்தான் திறக்கலாம் என்று சட்டம் இருப்பதால், சனியன்றே வாங்கிவைத்துவிடுங்கள். வெளியே சாப்பிடும்போது பிட்ஸா, தக்காளி பாஸ்தா, கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டோடு வதக்கிய ப்ளித்வா, பேக்கரிகளில் பாலாடைக்கட்டி வைத்த புரெக் என்கிற அடுக்குப் பலகாரம் இவையெல்லாம் பெரும்பாலும் சைவம்தான். கருப்பு ரிசோட்டோ என்கிற அரிசி உணவு சைவம் மாதிரித் தோன்றும், அது கணவாய் மீனின் மையில் செய்தது. காய்கறி சூப்பிலும் பீன்ஸ் குழம்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்காமல் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து எடுத்துப்போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள் எதையும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது, நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. பருப்புப்பொடி, சாம்பார்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், ஊறுகாய் போதும். தாளிக்க அங்கே நம்மூர் நல்லெண்ணெய் எளிதில் கிடைக்காது, ஒரு சின்ன பாட்டிலைக் கசியாதபடி கட்டிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.